டெல்ஃபீனுக்கு ஒரு சொல்

பிளேசான்ஸ் மலையில் தன் கை படாமல் இதுவரை ஒருவரும் முறையாகச் செத்ததில்லை, இனியும் சாக முடியாது என்று கென்னார்ட் மொடெஸ்ட் சொல்வான். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. மூச்சு நிற்பது டாக்டர் சமாச்சாரம், குழி வெட்டுவது ஈமச் சங்கத்தார் சமாச்சாரம். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் பெயர் வாசிக்கப்படும்வரை கிரெனடாவில் ஒரு மனிதன் சும்மா படுத்திருப்பதாகத்தான் அர்த்தம். அந்த வாசகத்தை எழுதுகிறவன் அவன். வயது இருபத்தாறு. தலைநகரக் கல்லூரியில் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்து, கல்லூரியின் தரம் தனக்குப் போதவில்லை என்று முடிவுசெய்து ஊர் திரும்பியவன். கல்லூரியும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்ததை அவன் வெளியே அவ்வளவாகச் சொல்வதில்லை. இப்போது மலைப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வாத்தியார்.

மரண அறிவிப்புக்கு ஒரு வடிவம் உண்டு. இன்னார், இன்ன பட்டப்பெயரால் நன்கு அறியப்பட்டவர், இன்ன ஊர், இன்ன வயது. பிறகு துயரில் ஆழ்ந்திருப்போர் பட்டியல்: மனைவி, மக்கள், உடன்பிறந்தார், அவர்கள் பிள்ளைகள், ஞானப்பிள்ளைகள், கடைசியில் ‘எண்ணிச் சொல்ல இயலாத ஏனைய உறவினர்’. செத்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ள மலையில் யாரும் வானொலியைத் திருப்புவதில்லை. செத்தவரை எல்லோருக்கும் தெரியும். பட்டியலைத்தான் கேட்பார்கள். யார் எந்தச் சொல்லுக்குக் கீழே, யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால். சவப்பெட்டிக்குப் பின்னால் நடப்பதும், கோயிலில் முன்வரிசையில் உட்காருவதும், துக்க வீட்டில் வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவதும் அந்த வரிசைப்படிதான்.

அதனால் தாள் போய்ச் சேருமுன் கடைசி நிமிடத் திருத்தங்கள் வரும். தலைநகருக்குத் தாளைக் கொண்டுபோகிற பாய்சியின் பஸ் மலையுச்சியில் கிளம்பிவிட்டால், யாராவது ஒருவர் அதன் பின்னால் ஓடிவருவார். செருப்பு அறுந்துவிடும் என்று அதைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருப்பார். மறு கையில் தாள். ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு சொல் குறைந்துபோயிருக்கும். ரம் கடையில் கென்னார்டுக்கு இலவசக் கோப்பை வாங்கிக்கொடுத்த வித்தை இதுதான்: அந்த ஓட்டத்தை நடித்துக்காட்டுவான். கிழவிகள் ஓடுவதைத் தனியாக, தொந்தி பெருத்தவர்கள் ஓடுவதைத் தனியாக. முடித்ததும் நிமிர்ந்து, செத்தவனே அவசரப்படவில்லை, இவர்களுக்கு என்ன அவசரம் என்று கேட்பான். கடையே உருளும். அவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

சொற்களைப் பற்றி அவனுக்கு உறுதியான கொள்கை உண்டு. திரும்பிவந்த முதல் வருடம் கிழவர் லாசரஸ் இறந்தார். கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடம் அவரோடு நின்று பாடிய இரண்டு பெண்களைக் கென்னார்ட் மிக்க மரியாதையோடு ‘ஃப்ரெண்ட்’ என்று எழுதிப் பட்டியலில் சேர்த்தான். வானொலி வாசித்து முடித்தது. ஒருத்தியின் புருஷன் அன்றைய சாப்பாட்டைத் தட்டோடு ஆட்டுக்கு வைத்தான். மற்றவளின் புருஷன் மூன்று மாதம் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தான். ஏனென்றால் மலையில் ஓர் ஆணுக்கு ஒரு பெண் ஃப்ரெண்ட் என்றால், பொழுது சாய்ந்தபின் அவன் அவள் வீட்டுக்குப் போய், ஊர் அடங்குமுன் திரும்புகிறவன் என்று பொருள். கூடப் பாடுகிறவளைக் கோயில் சகோதரி என்றுதான் எழுத வேண்டும். தொட்டில் பிள்ளைக்கும் இது தெரியும். கென்னார்ட் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழை சொல்லில் இல்லை, ஊரின் காதில் இருக்கிறது என்றான். அகராதியைத் திறந்து காட்டவும் முன்வந்தான். அந்த இரண்டு புருஷன்மாரும் அகராதியைப் பார்க்க விரும்பவில்லை.

அக்டோபர் மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை காலையில் காஸ்மோஸ் கலிஸ்ட் இறந்தார். ஊரில் அவர் காபோ. எழுபத்திரண்டு வயது. மூன்று ஏக்கர் ஜாதிக்காய், நடுநடுவே கோகோ, ஓரமாய் வாழை. ஈரத் தரையில் உதிர்ந்துகிடந்த ஜாதிக்காயைப் பொறுக்கிக் கூடை நிறைத்துக்கொண்டு வந்தவர், வாசல்படியில் உட்கார்ந்து கோகோ கேட்டார். டெல்ஃபீன் கோப்பையோடு வந்தபோது கூடை மடியில் இருந்தது, ஆள் இல்லை.

டெல்ஃபீன் நோயெல் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம். அதற்கு நான்கு வருடம் முன்னால் காபோவின் மனைவி ஜெஸ்டினா, கைக்குழந்தை வெர்லினைத் தூக்கிக்கொண்டு, ஆறு மாதத்தில் திரும்புகிறேன் என்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். ஹடர்ஸ்ஃபீல்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினாள். திரும்பவுமில்லை, கல்யாணத்தைத் தீர்க்கவுமில்லை. கோயில் புத்தகத்தில் அவள்தான் இன்றைக்கும் மனைவி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, டெல்ஃபீனுக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கென்னார்ட் தாளும் பேனாவுமாக மேலே போனான். தகரக் கூரையில் மழை உரலில் இடிப்பதுபோல் இடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு எதிரே காபோவின் அக்காள் க்ளோட்டில்ட் உட்கார்ந்திருந்தாள். கீழே குவாவ் கடற்கரையிலிருந்து காலையே வந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் அவள் டான்டி க்ளோ. டான்டி என்றால் அத்தை முறை. எழுபத்தைந்து வயதிலும் முதுகு நாற்காலியில் படாது. குடும்பத்தில் மூத்தவள் அவள்தான், தாளில் கையெழுத்துப் போடப்போகிறவளும் அவள்தான். கையெழுத்தில்லாத தாளை வானொலிக்காரர்கள் வாசிக்க மாட்டார்கள்.

டெல்ஃபீன் சமையலறையில் இருந்தாள். பிசின் ஒட்டாமலிருக்கக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வாழைக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஈரப்பலாவும் உப்பிட்ட இறைச்சியும் தேங்காய்ப்பாலில் வற்றிக்கொண்டிருந்தன. துக்கம் கேட்க வருகிறவர்கள் பசியோடு போகக்கூடாது.

கென்னார்ட் முதல் கேள்வியாக வயதைக் கேட்டான். டான்டி க்ளோ விரல்களை மடக்கினாள். பெரும்புயலுக்கு எத்தனை வருடம் முன்னால் என்று யோசித்தாள். பிறகு கழுத்தைத் திருப்பாமல் குரலை மட்டும் சமையலறைப் பக்கம் அனுப்பினாள்.

“டெல்ஃபீன், அவனுக்கு என்ன வயசு?”

“எழுபத்திரண்டு, டான்டி. வர்ற பதினொண்ணாந்தேதி வந்தா எழுபத்திமூணு.”

அதற்குப்பின் எல்லாம் அப்படியே நடந்தது. ட்ரினிடாடில் இருக்கிற தம்பியின் இரண்டாவது மனைவி பெயர் என்ன, புரூக்ளினில் இருக்கிற மருமகன்களில் மூத்தவன் யார், சங்கத்தில் காபோ எந்தக் கிளை உறுப்பினர், நுரையீரல் வைத்தியம் பார்த்த நர்ஸ் பெயர் சேர்க்கலாமா. கென்னார்ட் டான்டி க்ளோவைக் கேட்பான். டான்டி க்ளோ சமையலறையைக் கேட்பாள். பதில் வாழைக்காய்த் தண்ணீரிலிருந்து வரும். ஞானப்பிள்ளைகள் மொத்தம் பதினாலு பேர். டெல்ஃபீன் அவர்களை ஞானஸ்நான வரிசையில் சொன்னாள். ஒன்பதாவது பெயரில் மட்டும் நின்று, அது இப்போது பெயரை மாற்றிக்கொண்டு டொரோண்டோவில் இருக்கிறது, பழைய பெயரையே போடு, அவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்றாள். ஒரு மணி நேரத்தில் அறிவிப்பு முடிந்தது. மலையில் இதுவரை எழுதியதிலேயே பிழையில்லாத பட்டியல் இது என்று கென்னார்டுக்குத் தோன்றியது, அதன் பெருமையைத் தானே எடுத்துக்கொண்டான்.

“கடைசியில அவளைப் போடணும்” என்று டான்டி க்ளோ குரலைத் தாழ்த்தினாள். “ஃப்ரெண்டுன்னு போடு.”

கென்னார்ட் கண் இமைக்காமல் எழுதினான். பிறகு, வழக்கப்படி, முழுவதையும் எழுந்து நின்று உரக்க வாசித்தான். நல்ல குரல் அவனுக்கு. மனைவி, இங்கிலாந்து ஜெஸ்டினா. மகள், வெர்லின். சகோதரி, குவாவ் க்ளோட்டில்ட். ஞானப்பிள்ளைகள் பதினாலும் அணிவகுத்துப் போனார்கள். ஃப்ரெண்ட், பிளேசான்ஸ் டெல்ஃபீன் நோயெல்.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

டெல்ஃபீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். அகன்ற தோள், ஜாதிக்காய் மூட்டை தூக்கிய தோள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“என் பேரை எடுத்துரு, கென்னி.”

ஏன் என்றான் கென்னார்ட். ஃப்ரெண்ட் என்று வாசிப்பதைவிடப் பெயரே இல்லாமல் போவது மேல் என்றாள். வேறென்ன போடுவதாம் என்று டான்டி க்ளோ கேட்டாள். டெல்ஃபீன் அதைப்பற்றி யோசித்துவைத்திருந்தாள் போல. கம்பேனியன் என்று போடலாம், போன வருடம் கடற்கரை ஊர்க்காரர் ஒருவருக்கு அப்படி வாசித்தார்கள், நான் கேட்டேன் என்றாள்.

கென்னார்டுக்கு இது வகுப்பெடுக்கிற வேளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல்தான் என்று விளக்கினான். ஃப்ரெண்ட் நாட்டுச் சொல், கம்பேனியன் லத்தீன் வழி வந்த சொல், கூட அமர்ந்து ரொட்டி தின்கிறவர் என்று ஆதியில் பொருள். ஒன்று பழைய சட்டை, ஒன்று புதுச் சட்டை, உள்ளே இருக்கிற உடம்பு ஒன்றுதான் என்றான். சட்டை உவமை அவனுக்கே பிடித்திருந்தது.

டெல்ஃபீன் பொறுமையாகக் கேட்டாள்.

“நீ படிச்சவன். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பாலத்துக்கிட்ட இருக்கிற ஷெர்னெல் உனக்கு யாரு?”

கென்னார்ட் பேனா மூடியைத் தேடினான். “ஃப்ரெண்ட்” என்றான்.

“எப்ப போவ?”

“சாயங்காலமா.”

“எப்ப திரும்புவ?”

“எட்டு மணி இருக்கும்.”

“போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, எங்க படுத்திருந்த?”

“வீட்டுலதான். எங்கம்மா பாத்துக்கிட்டாங்க.”

“சரி. அது ஃப்ரெண்ட். நான் அதைக் கெட்ட வார்த்தைன்னு சொல்லல, வயசுக்கு அது நல்லாத்தான் இருக்கும். ஆனா கேளு. ஃப்ரெண்டைப் பாக்க மனுசன் குளிச்சிட்டுப் போவான். இவரு என்கிட்ட குளிக்கிறதுக்குத்தான் வந்தாரு. மேலெல்லாம் சேறு, கோகோப் பிசினு, குப்புனு வேர்வை. இருபத்தேழு வருசம். ஃப்ரெண்டுகிட்ட நல்ல சேதியைத்தான் கொண்டுபோவாங்க. ஃப்ரெண்டுக்கு சண்டை வந்தா கதவைச் சாத்திக்கலாம். நாங்க சண்டை போட்டா ஒரே கதவுக்கு உள்ளதான் ரெண்டு பேரும் இருக்கணும். அதுக்கு ஒரு சொல் இருக்குதுல்ல? இங்கிலீஷ்ல இருக்கா இல்லையா? இருந்தா அதைப் போடு. இல்லேன்னா எதுவும் போடாத.”

டான்டி க்ளோ குறுக்கிட்டாள். கம்பேனியன் என்பது யாரைச் சொல்வது என்று தனக்குத் தெரியும், பழைய எஸ்டேட் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிக்குத் துணைக்கு ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள், அவளைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றாள். கூலிக்காரிச் சொல்லை என் தம்பி தலையில் வைக்காதே.

“அவ எங்க தூங்குவா, டான்டி?”

“எவ?”

“அந்தக் கூலிக்காரி.”

“கெழவி ரூமுக்குப் பக்கத்து ரூம்ல.”

“பாத்தீங்களா” என்றாள் டெல்ஃபீன்.

அப்ப ஜெஸ்டினா யாரு என்று டான்டி க்ளோ கேட்டாள். டெல்ஃபீன் நிதானமாகச் சொன்னாள்: “ஜெஸ்டினா பொண்டாட்டி. நான் எப்ப இல்லேன்னேன்? முதல் பேரா போடுங்க. மோதிரம் அவளுது. நான் அவ எடத்தைக் கேக்கல, டான்டி. என் எடத்தைத்தான் கேக்கறேன்.”

அந்த இடத்தில் டான்டி க்ளோ இளகியிருக்கலாம். இளகவில்லை. அதற்குக் காரணம் மலைக்கும் தெரியும், கடலுக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் அவள் புருஷன் இறந்தபோது, குடும்பம் அனுப்பிய அறிவிப்பு வாசித்து முடிந்த கையோடு, வேறோர் ஊரிலிருந்து வேறொருத்தி தனியாக அனுப்பிய அறிவிப்பும் அதே மனிதருக்காக வாசிக்கப்பட்டது. அதில் துயரில் ஆழ்ந்திருப்போர் ஒரே ஒருத்தி. அவளுக்கு முன்னால் இருந்த சொல் ஃப்ரெண்ட். அன்று குவாவ் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் பக்கத்திலும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் மோதிரமில்லாத எந்தப் பெண்ணுக்கும் டான்டி க்ளோவிடம் இந்த ஒரு சொல்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் வெர்லின் வருகிறாள் என்றாள் அவள். ஜெஸ்டினாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மகளை அனுப்புகிறாள். பெற்ற தகப்பன் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு வாசலில் ஃப்ரெண்ட் நின்று கதவு திறப்பது அழகில்லை. ஆகவே ஒன்பதாம் நாள் செபம் முடியும்வரை டெல்ஃபீன் கீழே தன் தம்பி வீட்டில் போய் இருக்கட்டும். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. டான்டி க்ளோவும் சொல்லவில்லை.

டெல்ஃபீன் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது. ஃப்ரெண்ட் அப்படியே நின்ற தாளை டான்டி க்ளோ எழுத்துக்கெழுத்து இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. உறையை ஒட்டி, மறுநாள் காலை பஸ்ஸில் போகட்டும் என்று பாய்சியிடம் கொடுத்துவிட்டுக் கென்னார்ட் வீட்டுக்குப் போனான். போகுமுன் டெல்ஃபீன் ஒரு கிண்ணம் ஈரப்பலாவை மூடிக் கையில் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் பாலத்துப் பக்கம் போனபோது ஷெர்னெல் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். என்ன இன்றைக்குப் பேச்சே இல்லை என்றாள். அவன் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். சோப்பு வாசனை. குளித்திருந்தான், தலைவாரியிருந்தான், இஸ்திரிச் சட்டை. எட்டு மணிக்கு எழுந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் இரேன் என்று அவள் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை என்பதை அன்றுதான் கவனித்தான்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் துக்க வீட்டில் போடுவதற்காக, தலையில் ஒன்றைச் சுமந்துகொண்டு கென்னார்ட் ஆறரைக்கே மேலே ஏறினான். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழுத்து வெடித்த ஜாதிக்காய்கள் புல்லில் கிடந்தன. பொறுக்க ஆளில்லாமல், கொட்டையைச் சுற்றிய சிவந்த பத்திரி ஈரத்தில் மினுங்கியது.

நிலைப்படியோரம் ஒரு துணிப்பெட்டி இருந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முன் வந்த அதே பெட்டியாக இருக்கலாம், கேட்க அவனுக்குத் தைரியமில்லை. பெட்டிக்காரி டெல்ஃபீன், தூண்கள்மேல் நின்ற வீட்டின் அடியில், ஜாதிக்காய் உலர்த்தும் மரத்தட்டுகளுக்கு முன்னால் நின்று டான்டி க்ளோவிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். தினம் இரண்டு தடவை கிளற வேண்டும். மழை வந்தால் தட்டை உள்ளே தள்ள வேண்டும், மூன்றாவது தட்டுக்குக் கீழே சக்கரம் போய்விட்டது, தூக்கித்தான் தள்ள வேண்டும். காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே கொட்டை உருள்கிற சத்தம் கேட்கும். அப்போதுதான் உலர்ந்ததாக அர்த்தம். ஒன்றை எடுத்து டான்டி க்ளோவின் காதில் ஆட்டியும் காட்டினாள். பத்திரியை மூன்றாகத் தரம் பிரிக்க வேண்டும். பழுப்பு ஆடு கயிற்றைத் தின்னும், சங்கிலியில்தான் கட்ட வேண்டும்.

அப்புறம் இருவரும் மேலே வந்தார்கள். ஒன்பது மணிக்குச் சவப்பெட்டிக்காரர் ஆள் துணி வாங்க வருவான். டெல்ஃபீன் எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துவைத்திருந்தாள். பழுப்பு கோட்டும் காற்சட்டையும். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் மாற்றித் தைத்தது. சங்கத்துத் துண்டு. மெருகேற்றிய கறுப்பு ஷூ.

“இடது ஷூ குதிகால்ல அட்டை மடிச்சு வெச்சிருக்கேன், டான்டி. அவன் எடுத்துப் போட்றாம பாத்துக்குங்க.”

“அட்டையா? எதுக்கு?”

“இடது கால் அரை அங்குலம் கட்டை.”

“எவனுக்கு?”

“அவருக்குத்தான். எஸ்டேட் மரத்துலேந்து விழுந்தாரே, அதுலேந்து. இருபது வருசம் ஆச்சு. யாருக்கும் தெரியவேணாம்னாரு. உங்களுக்கும் சொல்லவேணாம்னாரு, நீங்க எஸ்டேட்காரங்ககூட சண்டைக்குப் போயிருவீங்கன்னு. அட்டை தேஞ்சுரும், வருசத்துக்கு ரெண்டு தடவை மாத்துவேன்.”

டான்டி க்ளோ ஷூவை எடுத்தாள். “படுத்துக்கிட்டுப் போறவனுக்கு இது எதுக்குடி?”

“அது இல்லாம அவரு வீட்டை விட்டு வெளிய போனதில்ல, டான்டி.”

டான்டி க்ளோ கட்டிலில் உட்கார்ந்தாள். முதுகு வளைந்திருந்தது, கென்னார்ட் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. ஷூவுக்குள் கையை விட்டு அட்டையை வெளியே எடுத்தாள். நான்காக மடித்த கெட்டி அட்டை. பிரித்தாள். பனி மூடிய ஒரு கோயிலின் பாதி, ஜரிகைத் தூள் ஒட்டிய ஒரு மணி, பின்பக்கம் ஜெஸ்டினாவின் கையெழுத்தில் பாதி வாழ்த்து.

டெல்ஃபீன் மெதுவாகச் சொன்னாள், இந்த மலையில் அவ்வளவு கெட்டியான அட்டை வேறு கிடைக்காது, அவரே எடுத்துக் கொடுத்ததுதான் என்று. தப்பு என்றால் மன்னிக்கணும் என்றும் சொன்னாள்.

டான்டி க்ளோ அந்த அட்டையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு இருந்த மடிப்பிலேயே மறுபடி மடித்து, ஷூவுக்குள் விட்டு, கட்டை விரலால் குதிகாலில் அழுத்திப் பார்த்தாள். சரியாக உட்காரவில்லை. டெல்ஃபீன் கைநீட்டி வாங்கி ஒரு தட்டு தட்டினாள், உட்கார்ந்தது.

“வாத்தி” என்றாள் டான்டி க்ளோ. “நேத்து இவ சொன்ன சொல் என்னடா?”

“கம்பேனியன்.”

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “அது பட்டியல்ல எங்க வரும்?”

கென்னார்ட் உண்மையைச் சொன்னான். “பொண்டாட்டிக்கும் மகளுக்கும் அடுத்து. உங்களுக்கு முன்னாடி, டான்டி.”

“அப்ப பெட்டிக்குப் பின்னாடி அவ நடப்பா. அவளுக்குப் பின்னாடி நான்.”

“ஆமா.”

“வெள்ளைத்தாள் வெச்சிருக்கியா?”

வைத்திருந்தான். அவள் அதை முழங்காலில் வைத்து, எதுவும் எழுதாத தாளின் அடியில், நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் போட்டாள். மேலே இருக்கிற வெள்ளையை அவனிடம் நீட்டினாள்.

“மத்ததெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே. எழுதிக்க. பாய்சி கெளம்பிட்டானா?”

பஸ் ஹாரன் சற்றுமுன் பள்ளிக்கூடத்து வளைவில் கேட்டிருந்தது. கீழே ஜாதிக்காய் எடை போடும் நிலையத்தில் மூட்டை ஏற்றப் பத்து நிமிடம் நிற்பான். அதற்குமேல் நிற்க மாட்டான்.

“அப்ப என்னடா நின்னுக்கிட்டிருக்க?” என்றவள் எழுந்து, நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். “ஏ டெல்ஃபீன், அந்தப் பெட்டியை எடுத்து உள்ள வை. நடைபாதையில கெடக்கு, வர்றவங்க தடுக்கி விழுவாங்க.”

டெல்ஃபீன் பெட்டியை எடுத்ததைப் பார்க்கக் கென்னார்ட் அங்கே இல்லை. முதல் திருப்பத்திலேயே மழைச் சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. அவன் குனிந்து இரண்டையும் கழற்றிக்கொண்டான். சிவந்த மண் கால்விரல் இடுக்குகளில் பிதுங்கியது. குறுக்குவழியில் இறங்கினால் கோகோ மரங்களுக்கு நடுவே முள் இருக்கும், குறுக்குவழியில்தான் இறங்கினான். ரம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருவன், கடைக்குள் சாயங்காலம் காட்டுகிற கூத்தைக் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்த கிழவர் அவன் தொடையைத் தட்டி நிறுத்தினார். கென்னார்ட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கத்திக் கூப்பிடவுமில்லை. மூச்சு முழுவதும் காலுக்கு வேண்டியிருந்தது.

கடைசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பாய்சி ஒன்றும் கேட்காமல் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த உறையை எடுத்துக் கொடுத்தான். கென்னார்ட் அதைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, வெள்ளைத்தாளை ஒரு ஜாதிக்காய் மூட்டையின்மேல் விரித்தான். சாக்குக்குள் காய்கள் உருண்டன. பேனா பள்ளத்தில் இறங்கித் தாளைக் குத்தியது. பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கிவந்து, தன் ஜெபப்புத்தகத்தைத் தாளுக்கு அடியில் வைத்தாள். காற்றில் பறக்காமல் மறு ஓரத்தை இன்னொருவர் விரலால் அழுத்திப் பிடித்தார்.

மனைவி, ஜெஸ்டினா, இங்கிலாந்து. மகள், வெர்லின், இங்கிலாந்து. அடுத்த சொல்லை அவன் ஒவ்வோர் எழுத்தாக, வாசிக்கிறவர் எந்த அவசரத்திலும் தவறாகப் படித்துவிட முடியாதபடி, நான்காம் வகுப்புப் பலகையில் எழுதுவதுபோல் எழுதினான். பக்கத்தில் டெல்ஃபீன் நோயெல், இதே வீடு என்று போட்டான். அந்தக் கடைசி இரண்டு சொல்லும் வடிவத்தில் கிடையாது.

சகோதரி என்று தொடங்கும்போதுதான் தாள் ஆடுவதைக் கவனித்தான். பிடித்துக்கொள்ள இடது கையை நீட்டினான். அதில் இன்னும் செருப்பு இருந்தது.